இருபது எண்ணும் வரை

இருபது எண்ணுகிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது என்று நெட் ஆபீஸில் வேலை பார்க்கிற ஜெபராஜ் சொல்லியிருந்தான். ஒன்று, இரண்டு. பிரமநாயகி ஸ்டூல் மேல் ஏறி நின்று, டிவிக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த இன்டர்நெட் பெட்டியின் பின்பக்கத்துச் சின்ன ஓட்டைக்குள் ஊக்கைச் செருகி அழுத்திக்கொண்டிருந்தாள். தாலிச் சங்கிலியில் எப்போதும் கோத்துக் கிடக்கிற ஊக்கு. முப்பத்தைந்து வருஷமாக ஜாக்கெட் கொக்கி போனாலும் செருப்பு வார் அறுந்தாலும் யாருக்காவது காலில் முள் ஏறினாலும் அதுதான் கையோடு வரும். மூன்று, நான்கு. தோளில் தூசி தட்டுகிற துணியைப் போட்டிருந்தாள். பார்க்கிறவன் பார்க்கட்டும், மாமியார் ஒட்டடை அடிக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும். எதிரே ஷோகேஸ் மேல் அந்தக் கேமரா, உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளை உருண்டை, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமலே அது தெரிந்தது. மணி பத்து முப்பத்தைந்து. பதினொரு மணிக்கு மகள் சுபத்ராவுக்கு இன்டர்வியூ, புனேயில் இருக்கிற கம்பெனி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுகிற இன்டர்வியூ. இதற்கு முன்னால் இரண்டு போயிற்று. ஒன்று ஏழாவது நிமிஷத்தில், இன்னொன்று பத்தாவது நிமிஷத்தில், நெட் பட்டென்று போய்விட்டது. மழை என்றார்கள், கேபிளைக் குரங்கு கடித்திருக்கும் என்றார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் போனில் செய்தி ஒரு தடங்கலும் இல்லாமல் கத்திக்கொண்டிருந்ததே, அதை ஏன் யாருமே யோசிக்கவில்லை. குரங்காம். ஊரில் இல்லாத குரங்கு. ஐந்து சொன்னோமா ஆறு சொன்னோமா. ஊக்கு வழுக்கி வெளியே வந்துவிட்டது. பெட்டியின் பச்சை விளக்குகள் ஒன்றும் நடக்காத மாதிரி சிமிட்டிக்கொண்டிருந்தன.

பாதியில் விட்டால் மறுபடி முதலிலிருந்துதான் என்று அவன் சொன்னது ஞாபகம் வந்தது. பரவாயில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். இந்தப் பெட்டியை இங்கே மாட்டினது மாப்பிள்ளை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு வந்தபோது, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இதே ஸ்டூலில் ஏறி அவரே மாட்டினார். கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தது யார், இவள்தான். மாப்பிள்ளை விழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கிருபாகரன் சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிறார். என்ன வேலை என்று பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கேட்டதற்கு, கம்பெனிகளோட கம்ப்யூட்டருக்குள்ள வெளியாள் யாரும் நுழையாமப் பாத்துக்கிறது என்று சொன்னார். வாட்ச்மேன் வேலையா என்று சுபத்ரா உள்ளே வந்து கிசுகிசுத்ததற்கு இவள் அவள் தொடையில் கிள்ளினாள். அப்படிப்பட்ட கெட்டிக்காரர் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த பிறகு இதற்கெல்லாம் வேறு ஆளைத் தேடுவார்களா. எல்லாம் அவரே போட்டார். பெட்டிக்குப் பாஸ்வேர்டு, கேமராவுக்குப் பாஸ்வேர்டு, கனெக்‌ஷனுக்கு அவருடைய போன் நம்பர். வைஃபைக்குப் பெயர் கிருபா ஹோம். இவளுடைய பி.எஃப். பணத்தில் கட்டின வீடு, வாசலில் வீட்டுக்காரர் பெயர் நெல்லைநாயகம் என்று கல்லில் வெட்டியிருக்கிறது, காற்றில் மட்டும் கிருபா ஹோம். வருகிற போகிறவர்கள் எல்லாம் போனைத் திறந்து இது யாரு கிருபா என்று கேட்கும்போது, எங்க மாப்பிள்ளை போட்டது என்று இவர் பூரித்துப் போவார். கேமராவைப் பார்க்கிற பாஸ்வேர்டு என்ன, பெட்டியையே திறக்கிற பாஸ்வேர்டு என்ன என்று மூன்று வருஷத்தில் ஒருநாள் கேட்டதுண்டா. கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடாதா. மாப்பிள்ளையிடம் கணக்குக் கேட்கிற மாதிரி ஆகிவிடாதா. சாப்பாட்டில் உப்பு போதுமா என்றே இவள் நேரே கேட்டதில்லை, இவர் மூலமாகத்தான் கேட்பாள். அவர் போனில் கூப்பிட்டால் உட்கார்ந்திருக்கிறவள் எழுந்து நின்று பேசுவாள். அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு இது தெரியவா போகிறது என்று சுபத்ரா கேலி செய்வாள்.

தெரிந்திருக்கிறது. தெரிந்திருக்கிறது. ஊக்கை மறுபடி செருகி அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எத்தனை தடவை அவர் சரியாக இவள் வேலை முடித்து உட்கார்ந்த நேரத்தில் கூப்பிட்டிருக்கிறார். அத்தை, மாத்திரை போட்டாச்சா. அத்தை, இப்பதான் உட்கார்ந்தீங்களா. எதிர்வீட்டு டீச்சரிடம் எவ்வளவு பெருமையடித்திருப்பாள், எங்க மாப்பிள்ளைக்கு எப்படித்தான் தெரியுமோ, நான் அக்கடான்னு சாயுத நேரம் பாத்துப் போன் வரும், பெத்த பிள்ளைக்குக் கூட அந்தக் கரிசனம் வராது. கரிசனம். சித்திரை வெயிலில் கரண்டு போய்ப் போய் வந்த நாட்களில், வீட்டில் ஆம்பிளை இல்லாத மத்தியானம், ஹாலில் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு முந்தானையைத் தள்ளிப் போட்டுச் சேலையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு படுத்துக் கிடந்திருக்கிறாள். அவர் வருகிறார் என்றால் தோளை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுக்களைக் கதவுக்கு அந்தப் பக்கமே நிற்கிறவள். அறுபத்தொரு வயசு உடம்பு, யாருக்கு என்ன வந்தது என்று விட்டுவிட முடியவில்லை. அது அவளுடைய உடம்பு. அவளுடைய தரை. ஆறு, ஏழு. எட்டு சொன்னால் எட்டுத்தானே.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி பக்கத்துப் பெரியவர் ஒருத்தர் வீட்டில் பேச்சுவார்த்தை. மூன்று மாசமாகச் சுபத்ரா இங்கே வந்து இருக்கிறாள், எப்போது அனுப்புகிறீர்கள் என்பதுதான் பேச்சு. பெரியவர் காபியை ஆற்றிக்கொண்டே புருஷன் பெண்டாட்டிக்குள்ளே ஆயிரம் இருக்கும் என்றார். கிருபாகரன் குனிந்த தலை நிமிராமல் மரியாதையாகத்தான் பேசினார். உன் கையில ஒரு வேலை வந்துட்டுன்னா பெறகு அந்த வீட்டு நடையை நீ மிதிக்க வேண்டாம், அப்படின்னு அத்தையே சொல்லிக் கொடுக்கும்போது அவ எப்படி மாமா வருவா என்றார். பெரியவர் இவளைத் திரும்பிப் பார்த்தார். வார்த்தைக்கு வார்த்தை பிரமநாயகி சொன்னதுதான். வியாழக்கிழமை, இந்த ஹாலில், மொச்சை உரித்துக்கொண்டு மகளிடம் சொன்னது. பெறகு என்கிற சொல் கூட அப்படியே இருந்தது, சென்னைக்காரர் வாயில் வராத சொல். வீட்டில் மூன்றே பேர். சுபத்ரா சொல்ல மாட்டாள். அப்படியானால் இவர். இவர்தான் மாப்பிள்ளை என்றால் உருகிப்போகிற ஆள், ஒருவார்த்தை சமாதானமாகப் பேசப் போய் உளறிக் கொட்டியிருப்பார். வீட்டுக்கு வந்து கேட்டாள். நான் சொல்லலை பிரமு என்றார். நீங்க சொல்லாம சுவரா சொல்லிச்சு என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒன்றரை நாள் அவரோடு பேசவில்லை. மனுஷன் தானே மோர்சாதம் போட்டுச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, இன்றைக்குக் காலையிலேயே எங்கே போகிறேன் என்று சொல்லாமல் லைப்ரரிக்குப் போயிருக்கிறார். சுவர்தான் சொல்லியிருக்கிறது. பாவம். சாயங்காலம் அவருக்கு அவியல் வைக்க வேண்டும், முருங்கைக்காய் போட்டு. பதிமூன்று. இல்லை. பதிமூன்று எங்கிருந்து வந்தது. போகட்டும், கூடுதலாகவே எண்ணிவிடலாம். எட்டு.

காலையில் கூட்டும்போதுதான் பார்த்தாள். ஷோகேஸ் பக்கத்திலிருந்து சோபா வரைக்கும் குனிந்து வந்து நிமிர்ந்தபோது அந்த உருண்டையின் கண் இவளைப் பார்த்து இருந்தது. முன்னே வாசலைப் பார்த்துத்தானே இருக்கும். ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். மெதுவாக, சத்தமே இல்லாமல், அது தலையைத் திருப்பியது. ஆனால் நிற்கவில்லை. அதைத்தான் இப்போது நினைத்தாலும் கொஞ்சம் பெருமையாக இருக்கிறது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அலறவில்லை, வயரைப் பிடுங்கவில்லை. ஒட்டுக் கேட்கிறவனுக்கு நீ கண்டுகொண்டது தெரியக் கூடாது, தெரிந்தால் வேறு வழியில் வருவான். இது அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மிச்சத்தையும் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டு, கொல்லையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று ஜெபராஜுக்குப் போன் செய்தாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தக் கேமரா உங்க போன்ல தெரியுதாம்மா என்றான். இல்லை. ஐயா போன்ல? இல்லை. அப்ப யார் போன்ல தெரியுதோ அவங்கதான் பாக்காங்க என்றான். பெட்டிப் பாஸ்வேர்டு கையில் இருந்தால் எந்த ஊரில் உட்கார்ந்தும் வீட்டில் ஒரு ஆளுக்கு மட்டும் நெட்டைக் கட் பண்ணலாம், அதையும் சொன்னான். கனெக்‌ஷன் அவர் பேரில் இருக்கே என்று இவள் தயங்கினபோது, பதிவு யார் பேர்ல இருந்தா என்னம்மா, பெட்டி உங்க சுவத்துல தான இருக்கு, அமுக்குங்க, எல்லாத்தையும் மறந்துட்டுப் புதுசாப் பொறந்துரும் என்றான். சுபத்ராவைக் கொல்லைக்குக் கூப்பிட்டு அதே குழாய்ச் சத்தத்தில் சொன்னாள். அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். அவள் வாளி நிரம்பி வழிகிறதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அங்கயும் அப்படித்தாம்மா. பகல்ல நான் போன்ல என்ன பாத்தேன், யார்கிட்ட பேசினேன்னு சாயங்காலம் வந்து சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. கல்யாணம்னா அப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

பதினொன்று. ஊக்கு விரலில் அழுந்தி வலித்தது. கல்யாணம் என்றால் அப்படித்தான். யார் அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் இல்லை என்று சொல்லவும் இல்லை. பன்னிரண்டு. ஊர்ப் பேச்செல்லாம் காதுக்குள் போய்க்கொண்டிருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவள் பிரமநாயகி. பாளையங்கோட்டை டெலிபோன் ஆபீஸில் முதல் பத்து வருஷம் டிரங்க் போர்டு. தலையில் ஹெட்செட், முன்னால் வரிசையாக ஓட்டைகள், கையில் வயர். இந்த ஓட்டையிலிருந்து அந்த ஓட்டைக்கு வயரைக் குத்தினால் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறவன் பம்பாயில் இருக்கிறவனோடு பேசுவான். ஒரு சாவியைச் சாய்த்தால் போதும், யார் வீட்டு விஷயமும் காதில் விழும். லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும் சாய்க்கலாம், உடனே நிமிர்த்திவிட வேண்டும். சில பேர் நிமிர்த்த மாட்டார்கள், டிபன் டப்பாவைத் திறக்கும்போது யார் யாருக்கு எங்கே கள்ளத் தொடர்பு என்று கதை வரும். அவள் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்ததே கிடையாது. இது பெருமைக்கு இல்லை. அடுத்தவர் பேச்சைக் கேட்டால் அவளுக்குக் குமட்டும், அவ்வளவுதான். பத்து வருஷம் ஊர் முழுக்க அவள் விரல் நுனியில் இருந்தது, அவள் நிமிர்த்தி நிமிர்த்தி வைத்தாள். அப்படி இருந்தவள் வீட்டில், அவள் வாங்கிப் போட்ட ஷோகேஸ் மேலே, மூன்று வருஷமாக ஒருத்தன் சாவியைச் சாய்த்தே வைத்திருக்கிறான். ஒருத்தன் என்றுதான் மனசுக்குள் வந்தது. ஒருத்தர் என்று திருத்திக்கொள்ளத் தோன்றவில்லை. பதிமூன்று, இந்தத் தடவை நிஜப் பதிமூன்று.

ஒரே ஒரு தடவை நிமிர்த்தாமல் விட்டிருக்கிறாள். நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் வந்து நிற்கும். அந்த டிரங்க் காலுக்கு எழுதின டிக்கெட்டின் எண் கூட மறக்கவில்லை, நாலு ஏழு ஒன்று இரண்டு ஒன்பது. பிலாய் என்று ஒரு ஊரிலிருந்து ஒரு பெண், வீரவநல்லூரில் இருந்த அப்பாவுக்கு, கட்டணம் அப்பா கட்டுகிற கால். லைன் கரகரவென்று இருந்ததால் சாவியைச் சாய்த்தாள். அப்பா, என்னைக் கூட்டிட்டுப் போயிருங்க என்றது அந்தப் பெண். அழவில்லை, கடையில் சாமான் கேட்கிற மாதிரி சொன்னது. அந்தப் பக்கம் அப்பா, சாப்பிட்டியா என்றார். அப்பா, வந்து கூட்டிட்டுப் போயிருங்க. இங்க மழை இல்லை, வெயில்தான் என்றார். பிரமநாயகியின் விரல் சாவி மேலேயே இருந்தது. மூன்று நிமிஷம் முடிந்தது. சட்டப்படி அவள்தான் குறுக்கே போக வேண்டும். போனாள். மூணு நிமிஷம் முடிஞ்சிட்டு, நீட்டிக்கணுமா என்று கேட்டாள். வேண்டாம்மா, வச்சிரலாம் என்றார் அப்பா. அவள் வயரை உருவிவிட்டாள். சட்டம் அப்படி. கட்டணம் கட்டுகிறவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தெரியாது. ஆனால் அந்த அப்பாவை இத்தனை வருஷமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாளே, நீ என்ன செய்தாய். கல்யாணமான முதல் வருஷம் சுபத்ரா போன் செய்து, ஒண்ணுமில்லம்மா, சும்மாதான், வந்து ரெண்டு நாள் இருக்கட்டுமா என்று கேட்டாளே. மாப்பிள்ளை கிட்டக் கேட்டியா என்றாய். அப்புறம் சாப்பிட்டியா என்றாய். அதே கேள்வி, வார்த்தை பிசகவில்லை. அந்தப் பேச்சையும் அந்த ஆள் எங்கேயாவது உட்கார்ந்து கேட்டிருப்பான், கேட்டுத் திருப்திப்பட்டிருப்பான், இந்த வீட்டில் கதவு சாத்தித்தான் இருக்கிறது என்று. பதினெட்டு. பத்தொன்பது. எண்ணிக்கை எப்படியோ தானாகவே நடந்திருந்தது. இருபது. ஒன்றும் ஆகவில்லை. இருபத்தொன்று என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள், இருபத்திரண்டு. பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் அணைந்தன.

இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். கேமராவின் நீல விளக்கு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, பிறகு சிவப்பாகி விட்டு விட்டு எரிந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கிப் போய் அதன் வயரைப் பிடுங்கி, உருண்டையை ஒரு மஞ்சப்பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். வக்கீலுக்குக் காட்ட வேண்டியிருக்கும், தூக்கிப் போடக் கூடாது. ஜெபராஜுக்கு மிஸ்டு கால் கொடுத்தாள். லைனை இங்கிருந்து ஏத்திட்டேம்மா, பெட்டிக்கு அடியில ஒட்டின காகிதத்துல இருக்குத பாஸ்வேர்டைப் போட்டு உள்ள போங்க என்றான். சுபத்ராதான் கம்ப்யூட்டரில் போட்டாள். புதுப் பெயர் என்ன வைக்க என்று கேட்டாள். பிரமநாயகின்னு வை என்றாள் அம்மா. சுபத்ரா நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டினாள். பாஸ்வேர்டு பேராக, பிறந்த நாளாக இருக்கக் கூடாது என்று ஜெபராஜ் கண்டித்துச் சொல்லியிருந்தான். நியாயம்தான், இந்தக் குடும்பத்தில் யாருக்கு யாருடைய பிறந்த நாள் தெரியாது, நட்சத்திரத்தோடு சொல்லுவார்கள். பழைய வைஃபை பாஸ்வேர்டு சுபத்ராவுடைய பெயரும் கல்யாணத் தேதியும், காலண்டர் அட்டைக்குப் பின்னால் கேஸ் நம்பருக்குக் கீழே பென்சிலில் எழுதியிருக்கும், தண்ணீர் கொடுக்கிற மாதிரி வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். பிரமநாயகி மகள் பக்கத்தில் போய், வைஃபைக்கு அந்த டிக்கெட்டின் ஐந்து எண்களையும் முன்னால் வீரவநல்லூரையும் சொல்லி, பெட்டியைத் திறக்கிற பாஸ்வேர்டுக்கு அதே எண்களைத் திருப்பிப் போட்டுப் பின்னால் பிலாய் என்று வைக்கச் சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லலாம், கேட்க இனி ஆள் இல்லை. இருந்தாலும் காதோடுதான் சொன்னாள். எங்கும் எழுதி வைக்க வேண்டாம் என்றும் சொன்னாள். மணி பத்து ஐம்பத்தேழு. சுபத்ரா தலையைக் கோதிக்கொண்டு, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

இன்டர்வியூ ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஏழு. இந்த ஏழில்தான் முதல் தடவை போனது. ஹாலில் ஸ்டூலிலேயே உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு விளக்கும் நின்று எரிந்தன. எட்டாவது நிமிஷம் மடியில் கிடந்த போன் அடித்தது. திரையில் மாப்பிள்ளை என்று வந்தது, பெயர் போட்டு வைத்ததே இல்லை. எடுத்துக் காதில் வைத்த பிறகுதான் எழுந்து நின்றுகொண்டிருப்பது தெரிந்தது.

"அத்தை, நல்லா இருக்கீங்களா? ஒண்ணுமில்ல, வீட்ல நெட் ஏதாவது பிரச்சினையா? கேமரா எதுவும் தெரியலையே, பயந்துட்டேன். மாமா இல்லையா? சுபா என்ன பண்றா?"

என்ன அக்கறையான குரல். கேட்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். மூன்று வருஷமாக அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. தானே வாயைத் திறந்து ஒப்புக்கொள்கிறோம் என்பது கூட அவனுக்கு உறைக்கவில்லை. பார்க்கிறது அவனுக்குப் பாத்தியதை, தெரியாமல் போனால் புகார் கொடுக்கலாம், அவ்வளவு நிச்சயம். கேட்கவேண்டியது நெஞ்சு வரை வந்து முட்டியது. நீயெல்லாம் ஒரு மனுஷனா, என் தரையில் நான் படுத்துக் கிடந்ததைப் பார்த்தாயா, என் பிள்ளை சோற்றில் இரண்டு தடவை மண்ணைப் போட்டாயே. பேசினால் அவன் பேசுவான். பேசிப் பேசி, அந்தப் பெரியவர் வீட்டுக் காபி மாதிரி எல்லாவற்றையும் ஆற்றிவிடுவான். பிரமநாயகி ஸ்டூலில் உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்து, சுவரில் முதுகு படும்படி உட்கார்ந்தாள். அவளுக்கே மறந்துபோயிருந்த குரல் தொண்டையில் வந்து நின்றது, ஏற்றமும் இறக்கமும் இல்லாத, போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தவளின் குரல்.

"மூணு நிமிஷம் முடிஞ்சிட்டு. நீட்டிக்க முடியாது. லைனைக் கட் பண்ணுதேன்."

கட் பண்ணினாள். உடனே மறுபடி அடித்தது, அடித்து அடித்து ஓய்ந்தது. ஊக்கைத் துடைத்துத் தாலிச் சங்கிலியில் மாட்டிக்கொண்டாள். சாத்தின கதவுக்குப் பின்னால் சுபத்ராவின் குரல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது, இங்கிலீஷில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள், நடுவில் ஒரு தடவை சிரித்தாள். மணி பதினொன்று பதினான்கு. இங்கே உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழும். பிரமநாயகி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.